தோட்டத்து ஊர்த் தொட்டியில் சவுலோசி: வளர்ப்பும் குஞ்சு எடுப்பும்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் சிசுமுலு என்றொரு சின்னத் தீவு. அதற்கு வடக்கே தண்ணீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு. தைவான் ரீஃப் என்பார்கள். சிண்டோங்கோ சவுலோசி என்கிற சிக்லிட் மீனுக்கு உலகத்திலேயே அந்தத் திட்டு ஒன்றுதான் சொந்த ஊர். 1990இல் மீன் ஆய்வாளர் ஆட் கோனிங்ஸ் இதை விவரித்துப் பெயர் வைத்தபோது சூடோட்ரோஃபியஸ் பேரினத்தில் சேர்த்தார். 2016இல்தான் சிண்டோங்கோ என்று மாறியது. பழைய பெயரிலேயே விற்கும் கடைகள் இன்னும் உண்டு. அலங்கார மீன் வியாபாரத்துக்காக அள்ளி அள்ளியே திட்டில் மீன் அருகிப்போனது. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் இன்று இது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம்.

இத்தனைக்கும் வீட்டில் வளர்க்க இது சிரமமான மீனே இல்லை. 8, 9 செ.மீ.க்கு மேல் வளராது, 4 அடித் தொட்டி போதும். பெண் ஆரஞ்சு கலந்த மஞ்சள். தலையெடுத்த ஆண் கறுப்புப் பட்டை போட்ட நீலம். முதல்முறை பார்க்கிறவர்கள் இரண்டு ஜாதி மீன் என்றே நினைப்பார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், குவாலா சிலாங்கூர் மாதிரி ஊர்களில் இந்த மீன் செத்துப்போவதற்கும், பிழைத்தாலும் கலப்படமாகிப் போவதற்கும் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, குழாயில் வரும் மென்னீர். மற்றொன்று, கடையில் அழகாக இருந்த மஞ்சள் மீனையெல்லாம் ஒரே தொட்டியில் போடும் ஆசை.

முதலில் தண்ணீர்

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் எங்கே திரும்பினாலும் சுண்ணாம்புக் குன்றுதான், ஆகவே தண்ணீரும் கடினமாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. கருங்கல் மலையிலிருந்து இறங்கும் ஆற்று நீரில் கரைந்த தாது மிகக் குறைவு. குழாய்த் தண்ணீரைச் சொட்டுச் சோதனைப் போத்தலில் பார்த்துவிடுங்கள். 5 மில்லி தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, நீலம் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் கே.எச்., அதாவது கார்பனேட் கடினத்தன்மையின் அளவு. முதல் சொட்டிலேயே மஞ்சளானால் அமிலம் ஏறாமல் தாங்கும் சக்தி அந்தத் தண்ணீரில் கிட்டத்தட்ட இல்லை. வீட்டில் கிணறு இருந்தால் அதையும் தனியாகச் சோதியுங்கள். சுண்ணாம்புப் பகுதிக் கிணற்று நீர் வேறு கதை.

மலாவி ஏரியின் தண்ணீர் பலர் நினைக்கிற அளவுக்குக் கடினமில்லை. கே.எச். 6 முதல் 8, ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) 4 முதல் 6, பி.எச். (அமில-கார அளவு) 7.8 முதல் 8.6. ஆனால் அது ஆடாமல் அசையாமல் நிற்கும் தண்ணீர். நம் தொட்டியில் அப்படி நிற்காததற்குக் காரணம் ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா. மீன் கழிவின் அம்மோனியாவை அது நைட்ரேட்டாக மாற்றும்போது கே.எச்.சைத் தின்கிறது. கே.எச். 1 உள்ள தண்ணீரில் சில வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும், பி.எச். 6க்குக் கீழே சறுக்கும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா தேங்கும். பி.எச். தாழ்ந்திருக்கும் வரை அந்த அம்மோனியா பெரிதாகக் கடிக்காது. 28 டிகிரியில், பி.எச். 7இல் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 0.7 விழுக்காடுதான் விஷ வடிவத்தில் இருக்கும். பி.எச். 8.3 ஆனால் அது 12 விழுக்காடு. மீன் சோர்ந்திருக்கிறதே என்று யாரோ ஒருநாள் சமையல் சோடாவை அள்ளிக் கொட்டுவார், பி.எச். எகிறும்; ராத்திரிக்குள் தொட்டி காலி. பழியெல்லாம் சோடாவின் மேல் விழும். ஏற்கெனவே சறுக்கிய தொட்டியில் முதலில் அம்மோனியாவைச் சோதியுங்கள். இருந்தால், தொட்டியின் பி.எச்.சுக்குக் கிட்டத்தில் உள்ள தண்ணீரைக் கொண்டே சிறுகச் சிறுக மாற்றி அதை இறக்குங்கள். பிறகு நாளுக்கு ஒரு கே.எச். வீதம் ஏற்றினால் போதும்.

கணக்கு எளிது. 100 லிட்டரில் கே.எச்.சை ஒன்று ஏற்ற 3 கிராம் சமையல் சோடா, ஜி.எச்.சை ஒன்று ஏற்ற 4.4 கிராம் எப்சம் உப்பு. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் கல், மணல் போக ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாரம் 60 லிட்டர் மாற்றுவதாக வைத்துக்கொண்டால், கே.எச். 1 உள்ள குழாய்த் தண்ணீருக்குச் சோடா 2 தேக்கரண்டி, எப்சம் உப்பு 2 தேக்கரண்டி; இரண்டையும் தட்டையாக வழித்துப் போடுங்கள். கே.எச். 6, 7க்கு வந்துவிடும், காற்றோட்டம் நன்றாக இருந்தால் பி.எச். தானாக 8ஐத் தாண்டும். கால்சியத்துக்கு ஒரு கிலோ கோரல் (பவளப்பாறை) சில்லை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள். கோரல் மட்டும் போதும் என்று கடையில் சொல்வார்கள். அது கரைய நாளாகும். 60 லிட்டர் மென்னீரை ஒரே மூச்சில் ஊற்றும்போது உடனே கைகொடுப்பது சோடாதான்.

மளிகைக் கடையில் பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். வேண்டியது 'சோடா பிகார்போனாட்'. 'செர்புக் பெனாய்க்' என்றால் கேக் மாவுப் பொடி, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். 'சோடா அப்பி' அடைப்பெடுக்கும் காரம். தொட்டியில் அல்ல, தொட்டி பக்கத்திலேயே அது வேண்டாம்.

குளோரினுக்கு ஆன்டி-குளோரின் கற்கள், அதாவது சோடியம் தயோசல்பேட், 100 லிட்டருக்கு ஒன்றரை கிராம். குழாய் பழுதுபார்த்த மறுநாள் தண்ணீர் கலங்கி, குளோரின் நெடியோடு வரும். அன்றைக்குத் தண்ணீர் மாற்றவே வேண்டாம். நீர் வெட்டுக்காக டிரம்மில் பிடித்து வைப்பவர்கள் இறுக்கமாக மூடி வையுங்கள். கொசுப் புழு கண்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி சுகாதார அதிகாரி அபராதம் எழுதுவார். கொசுப்புழு மருந்து போட்ட டிரம் தண்ணீரை மீனுக்கு எடுக்காதீர்கள்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது சோடா கலக்கக் கூடாது. உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கியிருக்கும். குளோரின் நீக்கிய வெறும் தண்ணீர் போதும்.

தொட்டி, கல், ஃபில்டர்

நிரம்பிய தொட்டி கல்லோடு சேர்ந்து 300 கிலோவைத் தொடும். பழைய லயத்து வீட்டுப் பலகைத் தரையில் வைக்காதீர்கள். சிமெண்டுத் தரை, இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் அரை அங்குல ஸ்டைரோஃபோம். கண்ணாடி 10 மி.மீ. மேற்குச் சுவரை ஒட்டி வேண்டாம். தகரக் கூரை வீட்டில் மாலை 4 மணிக்கு அந்தச் சுவர் அடுப்பு மாதிரி இருக்கும்.

சவுலோசிக்கு 24 முதல் 28 டிகிரி உகந்தது. நம் ஊரில் ஹீட்டர் தேவையில்லை, கவலையெல்லாம் 30க்கு மேல் போவதுதான். வெயில் காலத்தில் மேல்மூடியை எடுத்து வலை போட்டு, சின்ன விசிறி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் சாய்த்து ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மூடியில்லாமல் விட்டால் மீன் எகிறி விழுந்து காலையில் கருவாடாகக் கிடக்கும். ஆகவே வலை கட்டாயம்.

கல்லை மணலுக்கு முன்னால் அடுக்குங்கள். இந்த மீன்கள் மணலைத் தோண்டும். மணல்மேல் நிற்கும் கல் ஒருநாள் சரிந்து கண்ணாடியை உடைக்கும். அடிக்கண்ணாடியில் பிளாஸ்டிக் சட்டம் விரித்து, பெரிய கல்லை அதில் நிறுத்தி, மேலே அடுக்கி, கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி அடுக்குங்கள். சிம்பாங் பூலாய் பக்கம் கிடைக்கும் சுண்ணாம்புக்கல், பளிங்குத் துண்டு எல்லாம் நல்லவை, கூர்முனையை மட்டும் தட்டிவிடுங்கள். பழைய ஈயலம்பத்து (ஈயச் சுரங்கத்து) கற்களில் உலோகம்போல மினுக்கும் கீற்று இருந்தால் தூக்கிப் போடுங்கள், அழகாக இருக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். தண்ணீரின் முக்கால் உயரம் வரை கல்லும் சந்தும் பொந்துமாக இருக்கட்டும். அடிபடும் பெண் ஒளிய இடம் வேண்டும். மணல் 3 செ.மீ. போதும்; ஹார்ட்வேர் கடை ஆற்றுமணலை வாளித் தண்ணீர் தெளியும் வரை அலசிப் போடுங்கள்.

ஃபில்டரில், தொட்டிக்கு மேலே வைக்கும் மேல் ஃபில்டரும் ஒரு பெரிய ஸ்பாஞ்சும்தான் இந்த ஊர்களுக்குச் சரி. கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர்) அழகுதான், ஆனால் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மாலை இடிமழைக்கு மின்சாரம் போகும். மூடிய கேனிஸ்டருக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். கேனிஸ்டர்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், மின்சாரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் போன நாளில் அதைத் திறந்து, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓட்டுங்கள். மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

புதுத் தொட்டியை மீன் இல்லாமல், பாக்டீரியாவுக்காகத் துளி தீனி மட்டும் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் ஓட்டி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிச் சுழியம் காட்டிய பிறகே மீன் விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் நாள் பாதியாகும்.

இன்னொரு ஆபத்து வெளியிலிருந்து வரும்: டெங்கிப் புகை. கொசுமருந்தில் வரும் பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம், ஏர் பம்ப் அதை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் ஊதிவிடும். தாமானில், அதாவது குடியிருப்பில், புகையடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டால் பம்பை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடுங்கள். மேல் ஃபில்டர் ஓடட்டும். புகை கலைந்து, வீட்டைத் திறந்து காற்றோடவிட்ட பிறகு பம்பைப் போடுங்கள். வீட்டுக்குள் அடிக்கும் கொசு ஸ்ப்ரேக்கும் இதே கதைதான்.

மீன் வாங்கும்போது

3 செ.மீ. குஞ்சாக 12 முதல் 15 வரை, முடிந்தால் இரண்டு வேறு இடங்களிலிருந்து வாங்குங்கள். பெரிய மீனாகத் தேர்ந்தெடுத்து 'மஞ்சள் எல்லாம் பெண்' என்று வாங்கினால் ஏமாறுவீர்கள். அடங்கிக் கிடக்கும் ஆணும் மஞ்சளாகத்தான் இருக்கும். துடுப்பு ஓரத்தில் அழுக்குப் பூசியது போன்ற சாம்பல் நிறம் தெரிந்தால் அது ஆண். சின்னக் குஞ்சே பளிச்சென்று நீலமாக இருந்தால் அது வேறு ஜாதி, இல்லையென்றால் ஹார்மோன் தீனி தின்றது. முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு ஓடும் மஞ்சள் மீன் 'லேப்', அதுவும் மலாவி மீன்தான், ஆனால் வேறு ஜாதி. சவுலோசி குஞ்சு பிறப்பிலேயே மஞ்சள். ஒரு பெண்ணின் வாயிலிருந்து பழுப்பும் பட்டையுமாகக் குஞ்சு வந்தால் அந்த வரிசை கலப்படம், சந்தேகமே வேண்டாம்.

வளர்ந்த பிறகு 2 அல்லது 3 ஆண், 8 முதல் 10 பெண் இருக்கட்டும். ஓர் ஆண் மட்டும் இருந்தால் நிறம் மங்கும், கோபமெல்லாம் பெண்கள்மேல் திரும்பும். தொட்டியில் வேறு மலாவி பாறைமீன் எதுவும் கூடாது. ரெட் ஸீப்ரா, மஞ்சள் லேப், டெமசோனி எல்லாம் இதோடு கூடிக் குஞ்சு போடக்கூடியவை. அரிதான மீனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு கலப்புத் தொட்டி வைப்பதில் அர்த்தமில்லை.

தீனி

பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் மீனுக்கு நீண்ட குடல். ஸ்பைருலினா (ஒரு வகைப் பாசி) தூள் தீனி காலையும் மாலையும், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் இரண்டு முறை கங்கோங் கீரை இலையைக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, கல்லிடுக்கில் செருகுங்கள். தோலுரித்த பச்சைப்பட்டாணியும் தின்னும். ரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் புழு, மாட்டு இருதயம் வேண்டாம். கொழுத்த தீனியும் பயமும் சேர்ந்தால் வயிறு உப்பும் நோய் வரும். அதன் முதல் அடையாளம் வீக்கமல்ல: தீனியை வாயில் எடுத்துத் துப்புவது, வெள்ளை நூல்போல மலம் தொங்குவது. அந்தக் கட்டத்தில் தனித் தொட்டிக்கு மாற்றி மெட்ரோனிடசோல் கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. 40 லிட்டருக்கு 250 மி.கி. என்பது வழக்கமான அளவு. மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வயிறு உப்பி, செதில் தூக்கிய பிறகு பெரும்பாலும் பலனில்லை.

தைப்பூசத்துக்குப் பத்துமலை, தீபாவளிக்குப் பாட்டி வீடு என்று கிளம்பினால் ஐந்து நாள் பட்டினி போடலாம், ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுப் பையனிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

முட்டை, வாய், குஞ்சு

ஆறு, எட்டு மாதத்தில் 5 செ.மீ. தாண்டியதும் ஆண் ஒரு கல்லிடுக்கைச் சுத்தம் செய்து காவல் காக்கும். பெண்ணின்முன் உடலை வளைத்து நடுங்கும். பெண் ஓரிரு முட்டை இட்டதும் திரும்பி உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். பிறகு ஆணின் அடித்துடுப்பில் இருக்கும் முட்டைபோன்ற மஞ்சள் புள்ளியைக் கொத்தும்போது விந்து வாய்க்குள் போய், முட்டை அங்கேயே கருவாகும். முதல் ஈட்டில் ஐந்து, பத்து முட்டை. வளர்ந்த பெண் 20, 30 வரை வைத்திருக்கும்.

பெண்ணின் தாடைக்கீழ் பை தொங்கும். எதையோ மெல்லுவதுபோல வாயை அசைக்கும், தீனிக்கு வராது. அந்தத் தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறியுங்கள். முதல் இரண்டு மூன்று ஈட்டில் பாதியிலேயே முட்டையை விழுங்கிவிடும் பெண்கள் அதிகம். அதற்காகத் தொட்டியைக் கலைக்காதீர்கள், நாலாவது தடவை தானாகப் பழகிவிடும். முதல் வாரத்தில் வலை போட்டால் பயத்தில் துப்பிவிடும்.

நம் ஊர்ச் சூட்டில், 28 டிகிரியில், 18 முதல் 21 நாளில் குஞ்சு முழுதாகிவிடும். இரண்டு வழி உண்டு. 14ஆம் நாள் விளக்கை அணைத்து, இருட்டில் பெண்ணைப் பிடித்து 2 அடித் தொட்டிக்கு மாற்றி, அதுவே வெளியே விடும்வரை காத்திருக்கலாம். நல்ல வழி இதுதான். ஒரு தொட்டி அதிகம் வேண்டும், அவ்வளவே. பெண் மிகவும் மெலிந்திருந்தால், அல்லது அடுத்த தொட்டி இல்லையென்றால், 18ஆம் நாளுக்கு மேல் வாயைத் திறந்து எடுக்கலாம்.

அதற்கு ஒரு வெள்ளை பேசினில் அதே தொட்டித் தண்ணீரை நான்கு விரல் உயரம் ஊற்றி வையுங்கள். கையை நன்றாக நனையுங்கள், காய்ந்த கை மீனின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். ஈரவலையோடு மீனை இடது உள்ளங்கையில் படுக்கவைத்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் செவுளுக்குப் பின்னால் நிற்கப் பிடியுங்கள், வயிற்றை அழுத்தாதீர்கள். தலை கீழ்நோக்கி, வாய் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் பஞ்சை நீக்கி, முனையைத் தேய்த்து மழுக்கி, கீழுதட்டை மெல்லக் கீழே தள்ளுங்கள். வாய் திறந்ததும் மீனைத் தண்ணீரில் ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்தால் இரண்டு மூன்று குஞ்சு விழும். கொஞ்சம் மூச்சுவிட விடுங்கள், மறுபடி திறங்கள். ஐந்தாறு தடவையில் வாய் காலியாகும். ஒவ்வொரு முறையும் தண்ணீருக்கு வெளியே பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். விழும் குஞ்சு நீந்தினால் சரியான நாள். வயிற்றில் மஞ்சள் உருண்டையோடு அடியில் துள்ளினால் அவசரப்பட்டுவிட்டீர்கள்: அவற்றைச் சின்ன வலைக்கூட்டில், ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குமிழி பக்கத்தில் மெல்ல உருளும்படி வைத்து, மஞ்சள்கரு தீரும்வரை தீனி போடாமல் பாருங்கள். வெள்ளையாகிப்போனதை உடனே எடுத்துவிட வேண்டும், பூஞ்சை மற்றவற்றுக்கும் ஏறும்.

வெறும் வாயோடு, மெலிந்த பெண்ணை உடனே ஆண்களிடம் விடாதீர்கள். ஒரு வாரம் தனியே தீனி போட்டுத் தேற்றுங்கள்.

குஞ்சுத் தொட்டிக்கு 50 லிட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு மூன்று கல் போதும். முதல்நாளே ஒரு செ.மீ. இருக்கும், விரலால் நசுக்கிய ஸ்பைருலினா தூளைத் தின்னும். முட்டையிலிருந்து அப்போதே பொரிந்த ஆர்ட்டீமியா (பொடி இறால் வகை) முதல் இரண்டு வாரம் கொடுத்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். நாளுக்கு நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். அதே சோடாக் கணக்குதான். தண்ணீர் மாற்றச் சோம்பினால் குஞ்சு சாகாது, ஆனால் குட்டையாகவே நின்றுவிடும். செவுள் மூடி குறைந்தது, முதுகு வளைந்தது இவற்றைக் குஞ்சு எடுக்க வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் வரிசை பலவீனமாகும். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை, கலப்பில்லாமல் வைத்திருக்கும் வேறொரு வளர்ப்பாளரிடம் ஆண் மாற்றிக்கொள்ளுங்கள். அதிகமான குஞ்சுகளை வாய்க்காலிலோ ஈயலம்பக் குளத்திலோ விடவே கூடாது. பேராக்கின் பழைய சுரங்கக் குளங்களில் பீகாக் பாஸ் என்ற அயல்நாட்டு மீன் புகுந்திருப்பதே போதாதா?

கொடுக்கும்போது, முந்தின நாள் தீனி நிறுத்துங்கள். பயணத்தில் பையில் கழிவு சேராது. இரட்டைப் பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, பைக்கு ஐந்து குஞ்சு. வெயிலில் மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுப் போகாமல் ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பைமேல் அழியாத பேனாவால் எழுத வேண்டியவை: சிண்டோங்கோ சவுலோசி, குஞ்சு எடுத்த தேதி, தாய் தகப்பன் வந்த இடம், தொட்டித் தண்ணீரின் கே.எச்.